தாங்கலும் ஒரு தொல்சின்னமே

வரலாற்றுச் சின்னம் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை எவை? மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், தஞ்சைப் பெரிய கோயில், செஞ்சிக் கோட்டை. ஆண்டுதோறும் நம் வரலாற்றுத் துறையார் கல்விச் சுற்றுலா புறப்படும்போதும் பேருந்து இத்திசைகளில் ஒன்றை நோக்கித்தான் செல்கிறது. யாரேனும் ஒருவர் எழுந்து, "இந்த ஆண்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போவோம்" என்று சொன்னால் வகுப்பே கொல்லென்று சிரிக்கும். அங்கே என்ன இருக்கிறது? ஒரு மெட்ரோ நிலையம், தொழிற்பேட்டையின் நெடுஞ்சுவர்கள், நூறடிச் சாலை, சாலை நிறைய லாரிகள், ஓரத்தில் அடையாறு. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பார்கள்.

நான் அவ்வூரில் பிறந்து வளர்ந்தவன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை மறுக்கவே இதை எழுதுகிறேன். நம் ஊர்களின் மிகப் பழமையான கட்டுமானம் எது என்ற கேள்விக்கு நாம் தவறான விடையைப் பழகிக்கொண்டுவிட்டோம் என்பது என் கருத்து. கோயிலும் கோட்டையும் மட்டுமே சின்னங்கள் என்று எண்ணிய காரணத்தால், ஊரையே உண்டாக்கிய ஒன்றைக் கணக்கில் சேர்க்க மறந்தோம். மறந்ததன் விலையை நம்மிற் பலர் கொடுத்தும் இருக்கிறோம்.

முதலில் மேனாட்டார் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து நாட்டில் ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு பங்கு உண்டு; அதாவது ஒரு தேவாலயத்தைச் சுற்றி அமைந்த எல்லை. அவ்வெல்லைக்குள் நடக்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டுமென 1538-இல் ஆணை பிறந்தது. 1899-இல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஊர் ஊராக வரலாறு எழுதும் பெருந்தொகுதி ஒன்றைத் தொடங்கினர். அப்பணி இன்னும் முடிந்தபாடில்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பழைய வீடு, களஞ்சியம், பாலம் ஆகியவையெல்லாம் பட்டியலிடப்பட்டன. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றறிஞர் 1955-இல் எழுதிய நூலில் ஒரு படி மேலே சென்றார். வயலின் வரப்பும், வேலியும், வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையும்கூட ஆவணங்களே. படிக்கத் தெரிந்தவனுக்கு நிலமே ஓர் ஏடு என்று அவர் காட்டினார். அந்நாட்டாரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் நாட்டு ஊர்களில் அவர்கள் எழுதிவைத்துச் சென்ற கணக்குகளும் வரி வாங்குவதற்காக எழுதியவைதாம்! எனினும், பெருமை இல்லாத ஊர் என்று ஓர் ஊரை ஒதுக்காத அந்தப் பார்வை நமக்கும் வேண்டும்.

அந்தப் பார்வையோடு நம் பக்கத்தைச் சுற்றி வருவோம்.

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து தெற்கே பல்லாவரம் ஒன்றும் தொலைவில்லை. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நிலவியல் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் அங்கே படை அணிவகுப்புத் திடலின் அருகே சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கற்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்குக் கிடைத்த முதற்சான்று பல்லாவரத்துச் சரளைக் குழியில்தான் கிடைத்தது! அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகள் அகப்பட்டன. அவற்றுள் மிகப் பழையவற்றின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011-இல் வெளியான ஆய்வு கணித்தது. பல்லாவரத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ என்பவர் சுடுமண் ஈமப்பேழையையும் தோண்டியெடுத்தார். அதே பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகையில் அவனுடைய பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அக்குகை பிற்காலத்தில் இசுலாமியர் வழிபடும் இடமாயிற்று. பல்லவ மன்னன் பெயர் பொறித்த தூண்களுக்கிடையே பாத்தியா ஓதப்படுவதை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

பக்கத்திலேயே பரங்கிமலை. 1523-இல் போர்த்துக்கீசியர் அங்கே தேவாலயம் எழுப்பினர். 1547-இல் அங்கு அடித்தளம் தோண்டியபோது பாரசீகத்துப் பஃலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை வெளிப்பட்டது. போர்த்துக்கீசியர் வருமுன்பே கிறித்துவம் இக்கடற்கரைக்கு வந்துவிட்டது என்பதற்குக் கல்லே சான்று. மலையடிவாரத்தில் 1802-இல் லாம்டன் என்ற அதிகாரி சங்கிலி பிடித்து அளந்த ஏழரை மைல் அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியத் துணைக்கண்டத்தின் முக்கோண நில அளவைப் பெரும்பணி வளர்ந்து இமயம்வரை சென்றது. பெரும்பாக்கம்வரை நீண்ட அந்தக் கோட்டின்மேல் இன்று எத்தனை அடுக்குமாடிகள் நிற்கின்றனவோ!

வடகிழக்கே வந்தால் சைதாப்பேட்டை. அங்கே அடையாற்றைக் கடக்க 1726-இல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 30,000 வராகன் செலவு. பரங்கிமலைப் படிக்கட்டையும் அமைத்தவர் அவரே. மாம்பலம் என்ற பெயர் அயலார் நாவில் 'மார்மலாங்' எனத் திரிந்து அப்பாலத்தின் பெயராயிற்று. பழைய பாலம் போய் இன்று மறைமலையடிகள் பெயரில் புதிய பாலம் நிற்கிறது. பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் என மும்மொழியில் பொறித்த உஸ்கானின் கல் மட்டும் பல்லாண்டுகள் சாலையோரத்தில் தூசு படிந்து கிடந்தது. சாலையை மேலும் மேலும் உயர்த்தினார்கள். கல் தாழ்ந்துகொண்டே போயிற்று.

ஆக, நம் சுற்றுப்புறம் வறியதன்று. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். மகேந்திரவர்மன், போர்த்துக்கீசியர், உஸ்கான், லாம்டன், பூட் என இங்கே நினைவுகூரப்படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அரசனோ வணிகனோ அதிகாரியோ பெயர் பொறித்துச் சென்றதால்தான் அவை ஏட்டில் ஏறின. பெயர் பொறிக்காதவன் செய்தது என்னவாயிற்று?

அதற்கு விடை எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிற்பது, சிறிய ஏரி. ஏந்தி நிற்பது ஏந்தல் ஆனதுபோலத் தாங்கி நிற்பது தாங்கல் ஆயிற்று. இரண்டு சொற்களிலும் கை நீட்டி ஏற்கும் ஒரு மனிதனின் தோற்றம் இருக்கிறது. நமக்கருகே பழவந்தாங்கல், மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல் எனத் தொண்டை மண்டலத்தில் தாங்கல்கள் பல. ஊர்ப்பெயர்களில் வரலாறு உறைந்து கிடப்பதைத் 'தமிழகம் ஊரும் பேரும்' என்ற நூலில் ரா. பி. சேதுப்பிள்ளை விரித்துக் காட்டியிருக்கிறார். தமிழ்த்துறை நண்பர்கள் அதை நன்கறிவர். ஈக்காடு என்ற பெயரைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஈக்காட்டுக் கோட்டம் ஒன்று. திருவள்ளூர் அருகே ஈக்காடு என்ற ஊரும் உண்டு. எங்கள் பகுதியோ புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டு, 'எங்கள் ஊர் பண்டைக் கோட்டத்தின் தலைநகர்' என்று மலரில் எழுதுவது எளிது. அத்தகைய ஊர்ப்பெருமை வரலாற்றுக்குப் பகை என்பது என் எண்ணம். தாங்கல் என்ற பின்பாதிக்கு அப்படிப்பட்ட கற்பனை தேவையில்லை. அது தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறது.

தாங்கல் என்பது வெறும் பள்ளமன்று. பள்ளத்தில் நீர் தேங்குவது இயற்கை. தாங்கலில் நீர் நிற்பது மனிதன் செய்த வேலை. சரிவான நிலத்தில் நீர் வரும் திசையைக் கண்டு, அதற்குக் குறுக்கே பிறை வடிவில் கரை எழுப்புகிறார்கள். கரையின் அடியில் மதகு. இரண்டு கல் தூண்களை நட்டு, அவற்றுக்கிடையே துளையிட்ட பலகைக் கற்களைப் பொருத்தி, துளைகளின் வழியே நீண்ட கழியை இறக்கி, கழியின் நுனியிலுள்ள அடைப்பை ஏற்றியும் இறக்கியும் நீரை விடுவர். மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்தோட ஓரிடத்தில் தாழ்வாகக் கட்டிய கலங்கல். அங்கே வழிந்த நீர் வீணாவதில்லை. கால்வாய் வழியே கீழ் ஊர்த் தாங்கலுக்குப் போகிறது. அங்கிருந்து அதற்கும் கீழே. இப்படிப் படிப்படியாக இறங்கிக் கடைசியில் ஆற்றில் சேர்கிறது. ஓர் ஊரின் கலங்கல் எவ்வளவு உயரம் என்பது மேலூருக்கும் கீழூருக்கும் வழக்கு வரக்கூடிய செய்தி. ஆகவே, கலங்கல் கல்லின் உயரத்தில் இரண்டு ஊர்களின் உடன்படிக்கை இருக்கிறது. இதைக் கட்டடக்கலை என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

நம் முன்னோர் அப்படித்தான் கருதினர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு கோயிலைப் பற்றி மட்டும் பேசவில்லை; பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு என்ற கால்வாயையும் பேசுகிறது. செம்பில் வெட்டி வைக்கத் தக்க செயல் என ஏரியை எண்ணியிருக்கிறார்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. குடவோலை என்றதும் நாம் எல்லோரும் மேடையில் முழங்குகிறோம்: "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் கண்டவன் தமிழன்!" முழங்கட்டும். ஆனால் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்த முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மற்ற 6 பேர் ஏரி வாரியம். ஏரியைக் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆட்களை அமர்த்தியிருக்கிறார்கள். அவ்வூரின் வைரமேக தடாகம் பல்லவன் தந்திவர்மன் காலத்துப் பெயரைத் தாங்கியது. தேர்தல் நடத்தியது நம் நினைவில் நிற்கிறது. எதைக் காக்கத் தேர்தல் நடத்தினார்களோ அது நினைவில் இல்லை. இதுவன்றோ விந்தை!

வெள்ளையர் ஆட்சியிலும் ஊர் மக்கள் இதை மறக்கவில்லை. வேடந்தாங்கலில் தங்கும் பறவைகளைப் படைவீரர்கள் சுட்டு வீழ்த்தினர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாவதை அறிந்த ஊரார், செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டு 1798-இல் கவுல் என்னும் உரிமைச் சீட்டைப் பெற்றனர். எழுத்துமூலம் காப்பு வாங்கிய தாங்கல் அது. இன்று நாம் அதைப் பறவைகள் சரணாலயம் என்றே அறிகிறோம். உழவர்கள் தங்கள் தாங்கலைக் காத்த கதை அது என்பது பின்னுக்குப் போய்விட்டது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நடுவணரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டமும், அதையொட்டித் தமிழகம் இயற்றிய 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. கட்டடம், குகை, சிற்பம், கல்வெட்டு, ஈமக்காடு என வரலாற்றுச் சிறப்புடையவை நூறாண்டு நிறைந்திருந்தால் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்படலாம் என்கிறது நடுவணரசுச் சட்டம். கரையும் மதகும் கலங்கலும் கொண்ட ஓர் ஏரி இவ்விலக்கணத்துக்குள் அடங்காது என்று எந்த வரியும் தடுக்கவில்லை. ஆயினும் நடைமுறையில் ஏரி என்றால் நீர். நீர் என்றால் பொதுப்பணி. தொல்லியலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. 2007-இல் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழகத்தில் தனிச் சட்டம் வந்தது, நல்லது. அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்காக இயற்றப்பட்டது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய சிறு ஏரிகளோ ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. தாங்கல்கள் பெரும்பாலும் இந்தச் சிறியவற்றின் இனம். ஒரு சட்டம் 'இது பழமையானதல்ல' என்று கைவிடுகிறது. இன்னொரு சட்டம் 'இது பெரியதல்ல' என்று கைவிடுகிறது.

ஆந்திர மாநிலக் கடப்பா மாவட்டத்தில் போருமாமில்லா என்ற ஏரி உண்டு. அதன் கரையில் 1369-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, நல்ல ஏரி அமைய வேண்டிய இலக்கணங்களையே வரிசையாகச் சொல்கிறது. பாசன மரபுச் சின்னம் என்று உலக அளவில் அது ஏற்கப்பட்டுள்ளது. ஏரி மரபுச் சின்னமாக முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எங்கள் ஊரில் தாங்கல் எங்கே இருந்தது? கடந்த விடுமுறையில் பலரிடம் இதைக் கேட்டேன். ஆளுக்கொரு திசை காட்டினார்கள். ஒருவர் தொழிற்பேட்டைப் பக்கம் என்றார், ஒருவர் ஆற்றோரம் என்றார், தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தாங்கலா? அது போயி எவ்வளவோ காலமாச்சு தம்பி. நீ எந்தக் கம்பெனிக்குப் போகணும், அதைச் சொல்லு" என்றார். பெயர்ப்பலகையில் தாங்கல் இருக்கிறது. 2015 ஜூன் 29 முதல் மெட்ரோ நிலையத்திலும் அப்பெயர் நாள்தோறும் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் அந்த நீரைக் கண்ணால் கண்டவர் ஊரில் அருகிவிட்டார்.

அருகிலேயே நடந்த இன்னொரு கதை ஓரளவு தெளிவாகத் தெரியும். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியே சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. 1923 முதல் 1925 வரை அதன் மாம்பலப் பகுதியை வடித்து எழுப்பியதுதான் தியாகராய நகர். நுங்கம்பாக்கத்தில் எஞ்சிய ஏரிப் பகுதியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் தெரிவது எதிர்வீட்டு மொட்டைமாடி. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு. கரை சாலையாயிற்று, சாலைக்குக் கரையின் பெயர் மிஞ்சிற்று. தியாகராய நகரில் புடவை எடுக்கப் போகும் நாம் ஏரியின் அடித்தளத்தில்தான் நடக்கிறோம். நகரம் வளர நிலம் வேண்டும் என்று அன்று முடிவெடுத்தவர்களைப் பழிக்க எனக்கு விருப்பமில்லை. அங்கே ஓர் ஏரி இருந்தது என்று ஒரு கல் நட்டு வைத்திருக்கலாம் என்பதுதான் என் குறை.

இனி, விலை கொடுத்த கதைக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு நொடிக்கு 29,000 கன அடிவரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் வடகரையில் ஜாபர்கான்பேட்டை, தென்கரையில் ஈக்காட்டுத்தாங்கல், கீழே சைதாப்பேட்டை எல்லாம் மூழ்கின. நான் அப்போது சிறுவன். எங்கள் தெருவில் முதல் மாடியின் படிக்கட்டுவரை நீர் நின்றது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தும் போகாத பழுப்புக் கோடு ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் பல ஆண்டுகள் இருந்தது. ஒரு தெருவில் எல்லா வீடுகளும் மூழ்க, அடுத்த தெருவில் முழங்கால் அளவோடு நீர் நின்றுவிட்டது. பழைய மேடும் பழைய பள்ளமும் மழைக்குத் தெரிந்திருந்தன. மனை வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை.

தாங்கல் இருந்திருந்தால் வெள்ளமே வந்திராது என்று நான் வாதாடவில்லை. நொடிக்கு 29,000 கன அடியை எந்தத் தாங்கலும் தாங்காது. அப்படிப் பேசுவது மேடைக்கு உதவும்; உண்மைக்கு உதவாது. நான் சொல்வது சிறிய செய்தி. எது கரை, எது நீர்ப்பிடிப்பு, கலங்கல் நீர் எத்திசையில் ஓடியது என்ற அறிவு ஒரு காலத்தில் அவ்வூர்ப் பிள்ளைக்கும் இருந்தது. அது தொலைந்தபின் நிலம் வெறும் சதுரஅடி ஆகிவிட்டது. தொலைந்ததை மீட்டெடுத்துப் படிக்கும் கலைக்குத்தானே தொல்லியல் என்று பெயர்? புதைந்த நகரத்தைத் தோண்டிப் படிக்கும் நாம், புதைந்த ஏரியைத் தோண்டாமலே படிக்க முடியும். மண்ணின் நிறமும் தெருவின் வளைவும் புல எண்ணும் அதற்குப் போதும்.

இதற்கு எதிர்ப்பு வரும். தாங்கலைச் சின்னம் என்று அறிவித்தால் அதன்மேல் குடியிருப்பவர்களை விரட்டுவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான அச்சம். ஆற்றங்கரைக் குடிசைகளை முதலில் பெயர்த்துவிட்டு, ஏரிக்குள் எழுந்த பெரிய கட்டடங்களைக் கண்டும் காணாமல் விடுவது நாம் காணாத காட்சியா? அதனால்தான், இடிப்பதற்கு முன் எழுத வேண்டும் என்கிறேன். எது எங்கே எப்போது மூடப்பட்டது, யார் மூடினார்கள், அரசே மூடியதா தனியாரா என்பதெல்லாம் ஏட்டில் வந்தால் ஏழையின் குடிசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்காது. எழுதப்படாத வரலாறு எப்போதும் வலியவனுக்கே துணை நிற்கிறது.

மற்றொருவர், அழகில்லாத ஒன்றை எப்படிச் சின்னம் என்பது என்றார். மாமல்லபுரத்தின் எதிரே மதகுக் கல்லை நிறுத்தினால் மதகுக் கல் தோற்கத்தான் செய்யும். ஆனால் மாமல்லபுரத்துச் சிற்பி சாப்பிட்ட சோறு எந்த ஏரியின் பாய்ச்சலில் விளைந்தது?

நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மூன்றாமாண்டு மாணவர்களுக்குத் தரப்படும் ஆய்வுத் தலைப்புகளைக் கடந்த சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பல்லவர் கலை, சோழர் ஆட்சிமுறை, விடுதலைப் போரில் பெண்கள்... எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து நான்கு நூல்களை ஐந்தாவதாக எழுதும் வேலை. அதற்கு மாறாக ஒவ்வொருவரும் தத்தம் ஊரைப் பற்றி நாற்பது பக்கம் எழுதட்டும். நம் வகுப்பில் குன்றத்தூர், மாங்காடு, வேளச்சேரி, மடிப்பாக்கம் எனப் பல ஊர்களிலிருந்து வருகிறோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேடு இருக்கிறது. அதில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே ஏரி, குளம், தாங்கல், வாய்க்கால், நத்தம், மேய்க்கால் என்று வகை எழுதியிருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செங்கற்பட்டு மாவட்டத்துப் பழைய அறிக்கைகள் இருக்கின்றன. குரோல் 1879-இல் எழுதிய மாவட்டக் கையேட்டை அங்கே படிக்கலாம். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் செங்கற்பட்டுச் சீமையில் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தப் பணியின்போது ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதித் தந்தவை நம் தமிழில்தான் இருந்தன. வெள்ளைக்காரன் வரிக்காகக் கேட்டதை நாம் அறிவுக்காகக் கேட்கக் கூடாதா?

ஏட்டோடு நில்லாமல் கால்நடையாகவும் சுற்ற வேண்டும். கோயில் படியாகக் கிடக்கும் மதகுத் தூண், துணி துவைக்கும் கல்லாகிவிட்ட நடுகல், வேப்பமரத்தடியில் சாய்ந்த எல்லைக்கல், திண்ணை வைத்த கடைசி வீடு, மூடிய கிணற்றின் வாய் இவற்றையெல்லாம் அளந்து, படம் வரைந்து, ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி வைக்க வேண்டும். பெரியவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று முரண்பட்டாலும் அப்படியே எழுதட்டும். தீர்ப்பைப் பின்னால் வருபவர் வழங்குவர். எழுதியவற்றைத் துறை நூலகத்தில் ஊர் வாரியாக அடுக்கினால் பத்தாண்டில் ஓர் அலமாரி நிறையும். தென்சென்னையில் மனை வாங்கப் போகும் எவரும் வந்து புரட்டிப் பார்க்கும் அலமாரியாக அது இருக்கும் என்று நம்புகிறேன். அரசு அலுவலர்களும் வந்தால் மகிழ்ச்சியே!

ஈக்காட்டுத்தாங்கலை நானே எடுத்துக்கொள்கிறேன். பதிவேட்டின் நகல் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். தொழிற்பேட்டை 1958-இல் வருமுன் அங்கே உழுத குடும்பத்தைச் சேர்ந்த பாட்டி ஒருவர், வரும் ஞாயிறு காலை தாங்கல் கரை இருந்த இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.